அலை மேல் அலை – 9: வாலை எடுத்துத் தலையில் வை

சென்ற வாரம் காலின்ஸ் ரேடியோ பொறியாளர்களோடு நின்றோம். 1950-களின் பிற்பகுதியில் அவர்கள் உருவாக்கிய கைனிப்ளெக்ஸ், ஒரே வேகமான ஓட்டமாகப் போகவேண்டிய தரவை 20 மெதுவான தொனிகளாகப் பிரித்து, சிற்றலை வானொலியில் நொடிக்கு 3000 பிட் அனுப்பியது. ஏன் பிரித்தார்கள் என்பது நினைவிருக்கும். வானில் போகும் அலை ஒரே வழியாக வந்து சேர்வதில்லை. அயனி மண்டலத்தில் ஒருமுறை பட்டு வருவது ஒன்று, இரண்டு முறை பட்டுத் தாமதித்து வருவது இன்னொன்று. வேகமாகப் பேசினால் முந்தைய எழுத்தின் எதிரொலி அடுத்த எழுத்தின் மேல் விழுந்து அதை அழித்துவிடும். நிறுத்தி நிதானமாகப் பேசினால் எதிரொலி எழுத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போய்விடும். ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினால் நேரம் போகும். இருபது பேர் சேர்ந்து நிதானமாகப் பேசினால் வேகமும் கிடைக்கும், தெளிவும் கிடைக்கும்.

சரி, இருபது பேர் ஒரே கூடத்தில் பேசினால் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழாதா? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடுதான் பிரிந்தோம்.

தொலைபேசிக்காரர்களிடம் இதற்குப் பழைய பதில் ஒன்று இருந்தது: நடுவில் சந்து விடு. ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்ப, ஒவ்வொரு குரலுக்கும் 4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஓர் அறை ஒதுக்கினார்கள். குரல் உண்மையில் குடியிருந்தது 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. மீதி 900 ஹெர்ட்ஸ் காலி. எவ்வளவு நல்ல வடிகட்டி வைத்தாலும் அதன் ஓரம் சரிவாகத்தான் இறங்கும், கத்தியால் வெட்டியதுபோல் நிற்காது. அதனால் சந்து வேண்டியிருந்தது. நூறு அறை கட்டினால் நூறு சந்து. அலைக்கற்றையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யாரும் குடியிருக்காத இடமாகவே போயிற்று.

1966 டிசம்பர். பெல் ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்ப இதழில் ராபர்ட் சாங் என்பவரின் கட்டுரை வெளிவந்தது. அதற்கு முந்தைய மாதமே அவர் காப்புரிமைக்கும் விண்ணப்பித்திருந்தார். 1970 ஜனவரியில் அது கைக்கு வந்தது. கட்டுரை சொன்ன செய்தி அன்றைய தொலைபேசிப் பொறியாளருக்கு விபரீதமாகப் பட்டிருக்கும். சந்தே வேண்டாம். அறைகள் ஒன்றன்மேல் ஒன்று பாதிக்குப் பாதி ஏறிக் கிடக்கட்டும். அப்படிக் கிடந்தாலும் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாதபடி செய்ய முடியும். கைனிப்ளெக்ஸ்காரர்கள் தங்கள் தொனிகளுக்கு நடைமுறையில் கண்டிருந்த ஒழுங்கை, பலவகை அலைவடிவங்களுக்குப் பொருந்தும் பொது விதியாகக் கணக்குப் போட்டு நிறுவினார் சாங்.

என்னை நம்ப வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரவைச் சுமக்கும் தொனிகளை ஊர்தி அலைகள் என்போம். ஓர் எழுத்து நீடிக்கும் நேரத்துக்குள் ஒவ்வொரு ஊர்தி அலையையும் நான்கு இடங்களில் அளப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் அலை அந்த நேரத்துக்குள் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. அதன் அளவுகள் 1, 0, -1, 0. இரண்டாம் அலை அதே நேரத்தில் இரண்டு சுற்று சுற்றுகிறது. அதன் அளவுகள் 1, -1, 1, -1. இரண்டும் ஒரே வானில், ஒரே நொடியில், கலந்துதான் போகின்றன. வாங்குகிற கருவி முதல் அலையை மட்டும் கேட்க விரும்பினால் என்ன செய்யும்? வந்ததை முதல் அலையின் எண்களால், இடத்துக்கு இடம், பெருக்கிக் கூட்டும். முதல் அலையை அதே எண்களால் பெருக்கிக் கூட்டினால் 1 + 0 + 1 + 0, ஆக 2. நன்றாகக் கேட்கிறது. பக்கத்து அலையை அந்த எண்களால் பெருக்கிக் கூட்டினால் 1 + 0 - 1 + 0. பூஜ்யம்!

பக்கத்து வீட்டுக்காரர் முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருக்கிறார், உங்கள் காதில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. இந்த உறவுக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் ஆர்த்தோகனல். செங்குத்து என்று நம் பாடநூல்கள் சொல்லும். நிபந்தனை ஒன்றுதான்: ஒவ்வொரு அலையும் அந்த நேரத்துக்குள் முழுச் சுற்றுகளாகச் சுற்றி முடிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஒன்றரை கூடாது. இந்த ஒன்றரையை மனத்தில் வையுங்கள். கடைசியில் இதுதான் வினையாக வந்து நிற்கப்போகிறது.

மறு ஆண்டே, 1967 டிசம்பரில், பெல் ஆய்வுக்கூடத்தின் இன்னொரு ஆய்வாளர் பர்ட்டன் சால்ட்ஸ்பெர்க், சாங் காட்டிய வழியில் ஓர் அமைப்பை எடுத்து அது எங்கே தடுமாறும் என்று அலசினார். அவர் வந்து சேர்ந்த முடிவை இந்தத் தொடரின் அச்சாணி என்றே சொல்வேன். ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே குறையில்லாமல் செதுக்குவதில் உழைப்பைக் கொட்டாதே, அடுத்தடுத்த தடங்கள் ஒன்றில் ஒன்று கசிவதைக் குறைப்பதில் கவனம் வை, ஏனென்றால் கெடுதல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது என்றார். அதற்குப் பின் வந்த ஐம்பது ஆண்டு உழைப்பும் இந்த ஒரே வழியில்தான் நடந்தது. அப்போது அதைப் படித்தவர்கள் எத்தனை பேருக்கு அதன் கனம் புரிந்ததோ.

கணக்கு கச்சிதம். கருவிதான் இல்லை. ஒவ்வொரு அலைக்கும் ஒரு அலையியற்றி வேண்டும், ஒரு வடிகட்டி வேண்டும், வாங்குகிற பக்கம் இன்னொரு ஜோடி வேண்டும். இருபது அலைக்குச் சமாளிக்கலாம். ஆயிரம் அலைக்கு? அறை நிறைய அலமாரிகள். அவை எல்லாம் ஒன்றோடொன்று சுருதி பிசகாமல் நிற்க வேண்டும். சாங்கின் காகிதம் காகிதமாகவே மடிந்துபோக வேண்டியதுதானா?

வழி பிறந்த இடத்துக்கும் தொலைபேசிக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே பேச்செல்லாம் அணுகுண்டைப் பற்றி.

கென்னடி அதிபராக இருந்த காலம். அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் ஐ.பி.எம். இயற்பியலாளர் ரிச்சர்ட் கார்வின் உட்கார்ந்திருக்கிறார். அருகில் பிரின்ஸ்டன் கணிதவியலாளர் ஜான் டூக்கி ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறார். சோவியத் ஒன்றியம் பூமிக்கடியில் குண்டு வெடித்தால் தொலைவிலிருந்தே நில அதிர்வுப் பதிவுகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நீண்ட பதிவுகளை ஃபூரியே முறையில் தொனி தொனியாகப் பிரிக்க வேண்டும். கணினிக்கு அது தாங்காத வேலை. 1024 புள்ளிகள் கொண்ட பதிவுக்கு நேர்வழியில் போனால் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்கல்கள். டூக்கியிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. அதே வேலையை அந்த வழி சுமார் பத்தாயிரத்தில் முடித்துவிடும். நூறில் ஒரு பங்கு!

கார்வின் அதை யார்க்டவுன் ஹைட்ஸில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்துக்குக் கொண்டுபோய் ஜேம்ஸ் கூலி என்ற இளைஞரிடம் நிரலாக எழுதச் சொன்னார். எதற்கு என்ற உண்மையைச் சொல்லவில்லை. ஹீலியம்-3 படிகத்தில் ஒரு ஆராய்ச்சி என்று சொல்லி வைத்தார். கூலிக்குத் தன் சொந்த வேலை இருந்தது. கார்வின் விடாமல் நச்சரித்ததால்தான் இதை முடித்தார். 1965-ல் கூலி, டூக்கி இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. எஃப்.எஃப்.டி. என்று இன்று உலகம் அழைப்பது அதைத்தான். பிற்காலத்தில் தேடிப் பார்த்தவர்கள், சிறுகோள்களின் பாதையைக் கணிக்க காஸ் 1805 வாக்கிலேயே இதே வழியை எழுதி வைத்திருந்ததைக் கண்டார்கள். அவர் வாழ்நாளில் அது அச்சேறவே இல்லை.

1971 அக்டோபரில் இரண்டு கதைகளும் ஒன்று சேர்ந்தன. பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டீபன் வைன்ஸ்டைனும் பால் ஈபர்ட்டும் ஆயிரம் அலையியற்றி எதற்கு என்று கேட்டார்கள். எண்களை எஃப்.எஃப்.டி.யில் ஒருபுறம் போட்டால் மறுபுறம் எல்லா அலைகளும் ஏற்கெனவே கூடிக் கலந்த ஒரே அலையாக வெளிவரும். வாங்குகிறவர் அதையே எதிர்த்திசையில் ஓட்டினால் அலை அலையாகப் பிரிந்துவிடும். அலமாரிகள் எல்லாம் ஒரு கணக்குக்குள் அடங்கிவிட்டன.

இனி வெற்றிதான் என்று நினைக்கத் தோன்றும். பழைய பகை போகவில்லை: எதிரொலி.

முந்தைய எழுத்தின் எதிரொலி அடுத்ததில் விழாமல் இருக்க, இரண்டு எழுத்துக்கு நடுவே சிறிது மௌனம் விடலாம் என்று வைன்ஸ்டைனும் ஈபர்ட்டும் எண்ணினார்கள். காவல் இடைவெளி. நியாயமான யோசனை, நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஓரங்களை வளைத்து மென்மையாக்கியும் பார்த்தார்கள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இருந்த சண்டை ஓய்ந்தது. ஆனால் எதிரொலியுள்ள வழியில், ஒரே எழுத்துக்குள் பக்கத்துப் பக்கத்து அலைகள் ஒன்றில் ஒன்று கசியத் தொடங்கின. மௌனம் வைத்தால் கசிவு எப்படி வரும்?

தாளை மறுபடி எடுங்கள். இரண்டாம் அலை 1, -1, 1, -1. இதன் எதிரொலி ஒரு படி தாமதித்து வருகிறது. முன்னால் மௌனம் இருப்பதால் நம் நான்கு இடங்களில் முதல் இடம் காலி. ஆக வந்து சேர்வது 0, 1, -1, 1. கடைசி எண், நாம் அளக்கும் நான்கு இடங்கள் என்ற சன்னலுக்கு வெளியே போய்விட்டது. இப்போது முதல் அலையைக் கேட்கிறவர் தன் 1, 0, -1, 0 எண்களால் பெருக்கிக் கூட்டுகிறார். 0 + 0 + 1 + 0. விடை 1. பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. சுற்று முழுதாக முடியவில்லை, வால்பக்கம் வெட்டுப்பட்டுவிட்டது. செங்குத்து உறவு உடைந்தது.

இந்த உடைப்போடு ஒன்பது ஆண்டுகள் ஓடின.

1980-ல் டென்வரில் நடந்த ஒலி, பேச்சு, சைகைச் செயலாக்க மாநாட்டில் ஆபிரகாம் பெலட், அந்தோணியோ ரூயிஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை படித்தார்கள். இருவரும் ஐ.பி.எம். ஆட்கள், கூலி நிரல் எழுதிய அதே ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள். எதிரொலிக்கு அவர்கள் சொன்ன மருந்தை ஒரு வரியில் எழுதிவிடலாம். மௌனத்தைக் காலியாக விடாதே, எழுத்தின் வாலில் இருக்கும் துண்டை நகலெடுத்து அந்த எழுத்தின் தலைக்கு முன்னால் ஒட்டு.

ஒட்டிப் பார்ப்போம். 1, -1, 1, -1 என்பதன் வால் -1. அதைத் தலைக்கு முன் வைத்தால் அனுப்புவது -1, 1, -1, 1, -1 என்று ஐந்து எண்கள். எதிரொலி ஒரு படி தாமதித்து வரும்போது நம் சன்னலில் விழுவது -1, 1, -1, 1. முதல் அலையின் எண்களால் பெருக்கிக் கூட்டுங்கள். -1 + 0 + 1 + 0.

பூஜ்யம்.

பல ஆண்டுகளுக்கு முன் முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்று தடவை அடித்து அடித்து எழுதினேன், நம்பிக்கை வரவில்லை. மௌனத்தால் முடியாததை ஒரு நகல் செய்து முடிக்கிறது. எதிரொலி எவ்வளவு தாமதித்தாலும், ஒட்டிய துண்டின் நீளத்துக்குள் இருக்கும்வரை, சன்னலுக்குள் எப்போதும் முழுச் சுற்றுதான் தெரியும். எங்கிருந்து தொடங்கினாலும் மாலை மாலைதானே. எதிரொலி இப்போது ஒவ்வொரு அலையையும் சற்றுப் பெரிதாக்கும், சிறிதாக்கும், கொஞ்சம் திருப்பும். அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய அலைக்கு ஒரு வகுத்தல் போதும். சைக்ளிக் பிரிஃபிக்ஸ் என்று பெயர் பெற்ற இந்தத் துண்டு இன்று உங்கள் கைபேசியின் ஒவ்வொரு 4ஜி எழுத்துக்கு முன்னும் இருக்கிறது.

இது இலவசம் இல்லை. ஒட்டிய துண்டு புதிதாக எதையும் சொல்வதில்லை, நேரத்தைத் தின்கிறது. 1999-ல் வந்த 802.11ஏ வைஃபையில் ஓர் எழுத்து 4 மைக்ரோநொடி. அதில் 0.8 மைக்ரோநொடி இந்தத் துண்டு. ஐந்தில் ஒரு பங்கு! வானொலி அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் ஓடும். ஆகவே 240 மீட்டர் சுற்றி வரும் எதிரொலிவரை பாதுகாப்பு. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தாராளம். 4ஜி-யில் துண்டு சுமார் 4.7 மைக்ரோநொடி, அதாவது 1.4 கிலோமீட்டர்வரை. எழுத்து நீளம் என்பதால் அங்கே இழப்பு 7 சதவீதம் மட்டுமே. என்னைக் கேட்டால் இந்த விலை கொள்ளை மலிவு.

இதைவிடப் பெரிய லாபத்தை ஐரோப்பிய வானொலிக்காரர்கள் கண்டார்கள். 1987-ல் தொடங்கிய யுரேகா 147 திட்டத்தில் பிறந்த டி.ஏ.பி. டிஜிட்டல் வானொலி, 1995-ல் நார்வேயிலும் பிரிட்டனிலும் ஒலிபரப்புக்கு வந்தது. அதன் ஒரு வகையில் 1536 ஊர்தி அலைகள், துண்டு 246 மைக்ரோநொடி. கிட்டத்தட்ட 74 கிலோமீட்டர். இதன் பொருளை நின்று யோசியுங்கள். அடுத்த ஊர்க் கோபுரம் இதே அலைவரிசையில் இதே நிகழ்ச்சியை ஒலிபரப்பினால், பழைய வானொலியில் இரண்டும் மோதிக்கொண்டு ஒன்றும் கேட்காது. இங்கே அந்த இரண்டாவது கோபுரம் வெறும் எதிரொலி. துண்டுக்குள் அடங்கிவிட்டால் கெடுப்பதற்குப் பதில் பலம் சேர்க்கிறது. ஒரு நாடு முழுக்க ஒரே அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்ப இப்படித்தான் வழி திறந்தது.

இதற்கிடையில் 1985-லேயே பெல் ஆய்வுக்கூடத்தின் லெனார்ட் சிமினி இந்த முறையை ஓடும் வண்டியில் இருக்கும் தொலைபேசிக்குக் கொண்டுபோகலாம் என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார். மேசையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது அலை. அங்கேதான் ஒன்றரை காத்திருந்தது.

தாள் இன்னும் கையில் இருக்கிறதா? இரண்டு சுற்று சுற்ற வேண்டிய அலை, ஏதோ காரணத்தால் ஒன்றரைச் சுற்று மட்டும் சுற்றி வந்து சேர்ந்தால் அதன் அளவுகள் சுமாராக 1, -0.7, 0, 0.7. முதல் அலையின் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 1. வாலும் தலையும் ஒட்டி நாம் வாங்கிய பூஜ்யம் போயே போய்விட்டது. ஒரு அலை பிசகினால் ஒருவர் காதில் மட்டும் கசியும் என்று எண்ண வேண்டாம். சுருதி இறங்கினால் எல்லா அலைகளும் சேர்ந்தே இறங்குகின்றன, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றிலும் கசிகிறது.

சுருதி ஏன் பிசகுகிறது? அனுப்பும் கருவியில் ஒரு படிகம், வாங்கும் கருவியில் ஒரு படிகம். இரண்டும் அச்சுப்போல் ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. மேற்சொன்ன வைஃபை தரநிலை, படிகம் பத்து லட்சத்தில் 20 பங்குவரை பிசகலாம் என்று அனுமதிக்கிறது. கேட்கச் சின்ன எண். 5 கிகாஹெர்ட்ஸில் அது 100 கிலோஹெர்ட்ஸ். இருபுறமும் எதிரெதிராகப் பிசகினால் 200. ஊர்தி அலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியோ 312.5 கிலோஹெர்ட்ஸ்தான். பாதிக்கு மேல் போய்விட்டது! திருத்தாமல் விட்டால் ஒரு சொல்கூடத் தேறாது.

1994-ல் கலிபோர்னியாவின் மான்டரேயில் இருக்கும் கடற்படை முதுநிலைப் பள்ளியைச் சேர்ந்த பால் மூஸ் இதற்கு எளிய வழி சொன்னார். ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்பு. சுருதி சரியாக இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி வந்து சேரும். பிசகியிருந்தால் இரண்டாவது, முதலாவதைவிடக் கொஞ்சம் திரும்பியிருக்கும். எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்தாலே எவ்வளவு பிசகு என்று தெரிந்துவிடும். அதைக் கழித்துவிடு. இடைவெளியில் பாதிவரை இருக்கும் பிசகை இப்படி அளந்துவிடலாம். அதற்கு மேல் போனால் இன்னும் குறுகிய துண்டைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். அந்த வைஃபை ஒவ்வொரு முறை பேச வாய் திறக்கும்போதும் 0.8 மைக்ரோநொடித் துண்டு ஒன்றைப் பத்து முறை மீட்டிவிட்டு, பிறகு நீண்ட துண்டு ஒன்றை இரண்டு முறை மீட்டுகிறது. கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பது போலத்தான்.

நிற்கிற கருவிக்கு இது போதும். சிமினியின் வண்டி நிற்கவில்லையே.

120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார். எதிரே ஒரு கட்டடம், பின்னால் ஒரு மலை. கட்டடத்தில் பட்டு எதிரே வரும் அலையை நோக்கிக் கார் பாய்கிறது, அந்த அலையின் சுருதி ஏறுகிறது. மலையில் பட்டுப் பின்னாலிருந்து வரும் அலையிலிருந்து கார் விலகி ஓடுகிறது, அதன் சுருதி இறங்குகிறது. 2 கிகாஹெர்ட்ஸில் இது சுமார் 220 ஹெர்ட்ஸ் மேலே, 220 ஹெர்ட்ஸ் கீழே, ஒரே நேரத்தில், ஒரே ஆன்டெனாவில். மூஸ் சொன்னபடி எதைக் கழிப்பது? மேலே போனதைத் திருத்தினால் கீழே போனது இன்னும் கீழே போகிறது.

இடைவெளியை அகலமாக்கிவிட்டால் 220 ஹெர்ட்ஸ் பெரிதாகத் தெரியாது. ஆனால் இடைவெளி அகன்றால் எழுத்து குறுகும், எழுத்து குறுகினால் எதிரொலி மறுபடி வாயைத் திறக்கும். இடைவெளியை 1 கிலோஹெர்ட்ஸுக்கு நெருக்கினால் எதிரொலி அடங்கும், 220 ஹெர்ட்ஸோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேலாகிவிடும். இப்படிப் போனாலும் அடி, அப்படிப் போனாலும் அடி.

1996-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யூபிங் ஜாவோ, ஸ்வென்-குஸ்தாவ் ஹாக்மன் இருவரும் கசிவை நிறுத்தப் பார்க்கவே வேண்டாம் என்றார்கள். அது கசியட்டும். கசிகிற இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்க்கும்படி செய்துவிடலாம் என்றார்கள். ஆனால் அதற்கு அவர்கள் கேட்ட விலை, வேகத்தில் சரிபாதி. அந்த விலையைக் கொடுக்க உலகம் சம்மதித்ததா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். அதில் ஒரு கழித்தல் குறி போடவேண்டியிருக்கிறது.